பெயர் பல, சரக்கு ஒன்று!

பாலக்காடு மாவட்டம் மேனோன்பாறையில் உள்ள மலபார் டிஸ்டில்லரீஸ் கேரள அரசுக்குச் சொந்தமான நிறுவனம். மூடிப்போன சித்தூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் இடத்தில் அமைந்தது. அங்கு தயாராகவிருக்கும் பிராந்திக்கு நல்ல பெயர் சொல்லுங்கள் என்று 2025 டிசம்பரில் பொதுமக்களுக்கு அழைப்பு விடப்பட்டது. தேர்வாகும் பெயருக்கு ரூ.10 ஆயிரம் பரிசு. மதுவுக்குப் பெயர் சூட்ட மக்களை அழைப்பதா என்று எதிர்ப்பும் கிளம்பியது.

பெயரைப் பற்றி இவ்வளவு பேச்சு நடந்தது. புட்டிக்குள் இருப்பது என்ன என்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் கஞ்சிக்கோட்டில் ஷிப்டு முடித்து வரும் தமிழ்த் தொழிலாளிக்கும், கம்பத்திலிருந்து ஜீப் ஏறி வண்டன்மேட்டுக்கு ஏலக்காய் பறிக்கப் போகிறவரின் குடும்பத்துக்கும் அதுதான் முக்கியம். பணமும் அதில் இருக்கிறது, உயிரும் அதில் இருக்கிறது.

புட்டிக்குள் என்ன?

கரும்பைப் பிழிந்து சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் கழிவுப்பாகு, அல்லது உடைந்த அரிசி, சோளம் போன்ற தானியம். இவற்றைப் புளிக்க வைத்துக் காய்ச்சி, திரும்பத் திரும்ப வடித்தால், நிறமும் மணமும் இல்லாத சுத்தமான எரிசாராயம் கிடைக்கிறது. நம் நாட்டு மலிவு விலை மதுவகைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் அடிப்படை. தண்ணீர் சேர்த்து, கருக்கிய சர்க்கரையால் நிறமேற்றி, எசன்ஸ் விட்டால் ஒன்று பிராந்தி ஆகிறது. இன்னொன்று ரம் ஆகிறது.

வோட்கா என்பது என்ன? சாயம் பூசாத அதே சரக்கு. அதில் ஆரஞ்சு மணமோ பச்சை ஆப்பிள் மணமோ சேர்த்தால் விலை ஏறுகிறது. தொண்டையில் எரிச்சல் தெரியாததால் இளவட்டங்கள் இரண்டு மடங்கு குடித்துவிடுகிறார்கள். மணம் மாறியதால் வேகம் குறைவதில்லை.

இந்தியத் தயாரிப்பு மதுவில் வழக்கமான சாராய அளவு 100க்கு 42.8 பங்கு. அப்படியானால் 180 மில்லி குவார்ட்டரில் சுத்தச் சாராயம் மட்டும் 77 மில்லி. 5 சதவீத பீர் 650 மில்லி புட்டியில் இருப்பது 32 மில்லிதான். ஒரு குவார்ட்டர் இரண்டு பீரைத் தாண்டுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கசப்பு மருந்தாகத் தொடங்கிய சரக்கும் உண்டு. வெனிசுலா நாட்டின் அங்கோஸ்டுராவில் 1824-ல் ஒரு ஜெர்மன் டாக்டர் வயிற்று நோய்க்காக மூலிகைகளைச் சாராயத்தில் ஊறவைத்தார். இன்று அது மதுக்கலவைகளில் சில துளிகள் விடும் 'பிட்டர்ஸ்' ஆகிவிட்டது. நம் பக்கத்து அரிஷ்டமும் மருந்துதான். புளிப்பில் தானாக உண்டாகும் சாராயம் அதிலும் உண்டு. ஆகவே போதைக்காக அதைத் தேடுவோரும் இருக்கிறார்கள்.

வரியும் விலையும்

அடிப்படைச் சரக்கு மலிவு. அப்படியிருக்க விலை ஏன் வானத்தில் நிற்கிறது? 2022 டிசம்பரில் கேரளம் பெரும்பாலான மதுவகைகளுக்கு விற்பனை வரியை 247 சதவீதத்திலிருந்து 251 சதவீதமாக உயர்த்தியது. கம்பெனியிடம் 100 ரூபாய்க்கு வாங்கும் சரக்கின் மேல் இந்த வரி மட்டும் 251 ரூபாய்! 2023 ஏப்ரலில், 500 ரூபாய்க்கு மேற்பட்ட புட்டிக்கு 20 ரூபாயும், 1,000 ரூபாய்க்கு மேற்பட்டதற்கு 40 ரூபாயும் சமூகப் பாதுகாப்பு வரி என்று கூடுதலாகச் சேர்ந்தது.

விலை ஏறினால் குடி குறையும் என்பது ஒரு வாதம். வசதி உள்ளவர் விஷயத்தில் அது ஓரளவு சரியாக இருக்கலாம். கூலிக்காரர் விஷயம் வேறு. கடைச் சரக்கு எட்டாத உயரத்துக்குப் போனால், அவரைத் தேடி மலிவுச் சரக்கு வருகிறது. அதற்கு லேபிளும் இல்லை, வரியும் இல்லை, பொறுப்பேற்க ஆளும் இல்லை.

கேரளத்தில் 1996 ஏப்ரல் 1 முதல் பட்டைச் சாராயம் தடை செய்யப்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் 2000 அக்டோபரில் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலில் கள்ளச்சாராயம் குடித்து 30 பேருக்கு மேல் மாண்டார்கள். கடையை அடைத்தால் மட்டும் தாகம் அடைபடுவதில்லை என்பதே அதன் பாடம்.

நிறமில்லாத எமன்

மெத்தனால் என்ற விஷச் சாராயம் பெயின்ட், பிளாஸ்டிக் முதலிய தொழில்களுக்கானது. பார்வைக்கு அது வோட்கா போலத் தெளிவாக இருக்கும். நாக்கும் மூக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. உடலுக்குள் போனபின் அது பார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண்ணையும் பிறகு உயிரையும் பறிக்கிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இப்படித்தான் மாண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியங் ஊரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 6 வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். ரஷ்யாவின் இர்குட்ஸ்க் நகரில் 2016 டிசம்பரில் 70 பேருக்கு மேல் இறந்தது வோட்கா குடித்தல்ல. வோட்கா வாங்கக் காசில்லாமல், மூலிகைப் பெயர் போட்ட குளியல் திரவத்தைக் குடித்ததால்! வோட்காவின் சொந்த பூமியிலேயே ஏழையின் கதி இதுதான்.

நம் வாசலிலும் இது நடந்திருக்கிறது. 2020 அக்டோபரில் வாளையாறு அருகே செல்லங்காவு பழங்குடிக் குடியிருப்பில் 5 பேர் அடுத்தடுத்து இறந்தனர். அவர்கள் குடித்தது தொழிற்சாலை உபயோகத்துக்கான ஸ்பிரிட்டாக இருக்கலாம் என்று அப்போதே சந்தேகம் எழுந்தது. நூற்றுக்கணக்கான ஆலைகள் உள்ள கஞ்சிக்கோடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

தண்ணீர் யாருக்கு?

எரிசாராயத்துக்கு வெளிமாநிலங்களை நம்ப வேண்டியுள்ளது, இங்கேயே காய்ச்சினால் வருமானமும் வேலையும் கிடைக்கும் என்றது கேரள அரசு. 2025 ஜனவரியில் எலப்புள்ளியில் ஒயாசிஸ் கம்பெனியின் ஆலைக்கு ஆரம்ப அனுமதி அளித்தது. கிராமத்தார் எதிர்த்தார்கள். 2025 டிசம்பரில் அந்த அனுமதியைக் கேரள உயர்நீதிமன்றம் ரத்து செய்தது.

எதிர்ப்பில் நியாயம் உண்டு. மழை மறைவுப் பிரதேசமான சித்தூர் தாலுகாவில் குடிநீருக்கே குடம் வரிசை நிற்கிறது. பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000-ல் வந்த கொக்கோ கோலா ஆலை, கிணற்று நீர் கெட்டது என்ற போராட்டத்தால் 2004-ல் மூடப்பட்டதை இங்கு யாரும் மறக்கவில்லை. அந்தப் போரில் முன்நின்ற மயிலம்மா, தமிழ் பேசும் எரவாளர் பழங்குடிப் பெண்.

செய்ய வேண்டியது

தொழிற்சாலைச் சாராயம் மத்திய அரசின் கையில் என்று மாநிலங்கள் இனிச் சாக்குச் சொல்ல முடியாது. அதை ஒழுங்குபடுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 அக்டோபர் 23-ல் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே ஆலைக்கு வரும் ஒவ்வொரு பீப்பாய் மெத்தனாலுக்கும், வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, மீதி எங்கே என்று இரு மாநில அரசுகளும் கணக்குக் கேட்க வேண்டும். செக்போஸ்டில் கூலிக்காரனின் பையைத் துழாவுவதைவிட இது அவசரமான வேலை.

குடியை விடுவதே நல்லது. அதைச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. விடமுடியாதவருக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். லேபிள் இல்லாத தெளிந்த சரக்கை, தெரிந்தவர் தந்தாலும் தொடாதீர்கள். குடித்த மறுநாள்கூட வயிற்று வலி, வாந்தி, கண்ணில் மங்கல் தெரிந்தால் எலுமிச்சை, மோர் என்று நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மெத்தனால் பல மணி நேரம் பதுங்கியிருந்துதான் பாயும். மாற்று மருந்து உண்டு. நேரத்தில் போனால் பிழைக்கலாம். போலீசுக்குப் பயந்து டாக்டரிடம் மறைத்தால் மருந்து தாமதமாகும். கூடக் குடித்தவர்கள் யார் யார் என்பதையும் சொல்லிவிடுங்கள். அவர்களும் பிழைக்க வேண்டும்.