முங்கிக் குளிக்கிற தண்ணியில் என்ன இருக்கு? படித்துறையில் போர்டு வையுங்கள்!

சேலம், நாமக்கல் மாவட்ட மக்களே!

ஆடி 18 அன்று மேட்டூர், பூலாம்பட்டி, பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என்று காவிரிக் கரையெங்கும் குடும்பத்தோடு முங்கி எழுகிறோம். அந்தத் தண்ணியில என்ன கலந்திருக்குன்னு யாராவது நமக்குச் சொல்லியிருக்காங்களா?

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் மாநகருக்குள் நுழைந்ததும் சாக்கடையாகிறது. ஊர்க் கழிவையெல்லாம் சுமந்துக்கிட்டு நாமக்கல் மாவட்டம் நஞ்சை இடையாறு அருகே காவிரியில கலக்குது. 2018-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 351 மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. மிக மோசமான முதல் பிரிவில் திருமணிமுத்தாறு, சரபங்கா. கூடவே மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரை நம்ம காவிரி!

சாயக்கழிவைப் பத்தி எல்லாரும் பேசுறோம். நுரையும் நிறமும் கண்ணுக்குத் தெரியுது. மலக்கிருமி தெரியாதே! முங்கும்போது குழந்தை ஒரு மடக்கு குடிச்சாப் போதும்: வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை. பழி மட்டும் கடைச் சாப்பாட்டு மேல விழும்.

சென்னை அருகே கோவளம் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. குளிக்கிற தண்ணீரின் பரிசோதனை முடிவைக் கரையிலேயே எழுதி வைக்கணும் என்பது அந்தச் சான்றின் விதி. சுற்றுலா வர்றவங்களுக்குச் சொல்றதை நமக்குச் சொன்னா என்ன?

படித்துறைக்குப் படித்துறை தமிழில் போர்டு வையுங்கள். 100 மில்லிலிட்டரில் மலக்கிருமி 2,500-ஐத் தாண்டினால் குளிக்க வேண்டாம்னு வெளிப்படையா அறிவியுங்கள். திருமணிமுத்தாற்றில் விழும் ஒவ்வொரு சாக்கடையையும் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்புங்கள். வர்ற ஆடி 18-க்குள் முதல் போர்டு நஞ்சை இடையாற்றில் நிற்கணும்.