பித்தளை டபராவும் சிக்கரி வேரும்

‘அந்தக் காலத்துக் காப்பி’ பற்றி இனி யாராவது எனக்கு ஒரு கட்டுரை அனுப்பினால், அதில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதாக இருக்கிறேன். அவ்வளவு வந்துவிட்டது. எல்லாம் ஒரே அச்சு. தாத்தாவோ பெரியப்பாவோ ரயில்வேயில் இருந்திருப்பார். விழுப்புரம் ஜங்ஷன் வரும். கரி எஞ்சின் தண்ணீர் பிடிக்கும். வெள்ளைச் சீருடையும் தலைப்பாகையுமாக ஒருவர் தட்டில் கட்லெட்டும் ஆம்லெட்டும் ஏந்தி வருவார். ஸ்பென்சர் கம்பெனியின் பெயர் ஒரு பெருமூச்சோடு வரும். கடைசியில், ‘வெள்ளைக்காரன் காலத்துல எல்லாம் தரமா இருந்துச்சு, இப்ப எதைத் தொட்டாலும் கலப்படம்’ என்று முடியும். எழுதுகிறவர் பெரும்பாலும் என்னைவிட இளையவராக இருப்பார். வெள்ளைக்காரன் காலத்தில் அவருடைய அப்பாவே பிறந்திருக்க மாட்டார்.

நான் திண்டிவனத்துக்காரன். வேலை விழுப்புரத்தில். நடுவிலிருக்கும் நாற்பது கிலோமீட்டரில்தான் என் வாழ்க்கையில் பாதி கழிந்தது. அந்த ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் முளைத்திருக்கும் ‘கும்பகோணம் டிகிரி காபி’ போர்டுகளை ஒருநாள் பஸ்ஸில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கி, விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் அலுத்து விட்டுவிட்டேன். கும்பகோணம் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கடை போட்டிருப்பவர்களோ மயிலம், மரக்காணம் பக்கத்துப் பிள்ளைகள். ஒருவரிடம் கேட்டேன். ‘சார், நான் மகாமகத்துக்குக்கூட கும்பகோணம் போனதில்ல. போர்டும் பித்தளை டம்ளரும் இல்லன்னா கார்க்காரன் நிறுத்த மாட்டான் சார்’ என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வயிற்றுப்பாட்டுக்காக ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்கிறவரைவிட, காரிலிருந்து இறங்கி, அந்த டம்ளரைப் படம்பிடித்து, ‘நம்ம பாரம்பரியம்’ என்று எழுதுகிறவர்தான் பிரச்சினை.

‘டிகிரி’ என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று லாக்டோமீட்டர் வைத்து டிகிரி பார்த்ததால் அந்தப் பெயர் என்பது ஒன்று. சிக்கரிதான் வாயில் புரண்டு ‘சிகிரி’, ‘டிகிரி’ ஆயிற்று என்பது இன்னொன்று. இரண்டாவது உண்மையோ பொய்யோ, எனக்குப் பிடித்தது அதுதான். ஏனென்றால் அந்த டம்ளரின் நிறம், அடர்த்தி, நாக்கில் ஒட்டும் கசப்பு ஆகியவற்றில் பெரும்பங்கு காப்பிக்கொட்டையுடையது அல்ல. சிக்கரி ஒரு செடியின் வேர். முள்ளங்கி மாதிரிப் பிடுங்கி, நறுக்கி, காயவைத்து, வறுத்துப் பொடிக்கிறார்கள். காப்பியை நாம் தேடிப் போகக் காரணமான காஃபீன் அதில் துளியும் கிடையாது. நம் நாட்டில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. காவிரிக்கரைக்கும் அதற்கும் எந்தச் சொந்தமும் இல்லை.

அது வந்த வழியைப் பார்த்தால் ஏக்கமெல்லாம் தெளிந்துவிடும். சிக்கரி, காப்பி கிடைக்காதவன் குடித்தது. பிரஷ்ய மன்னர் பிரெடரிக் 1781இல் காப்பி வறுப்பதை அரசின் ஏகபோகமாக்கி, திருட்டுத்தனமாக யார் வீட்டில் வறுக்கும் வாசனை வருகிறது என்று மோப்பம் பிடிக்கப் பழைய சிப்பாய்களை நியமித்தார். ஜனங்கள் வேரை வறுத்தார்கள். 1806இல் நெப்போலியன் இங்கிலாந்தோடு வணிகம் கூடாதென்று ஐரோப்பாவை அடைத்தபோது பிரான்சிலும் அதே கதை. இங்கிலாந்துக்காரன் ஒருபடி மேலே போனான். காப்பி என்று சொல்லியே சிக்கரியை விற்றான். 1850களில் ஆர்தர் ஹில் ஹசால் என்ற மருத்துவர் லண்டன் கடைகளில் காப்பித்தூள் வாங்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சுத்தமான தூள் அபூர்வம். கண்டதைக் கடைக்காரர் பெயர், விலாசத்தோடு ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. அந்த அமளியில்தான் 1860இல் அங்கே முதல் கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது. ‘வெள்ளைக்காரன் காலத்துல கலப்படமே கிடையாது’ என்கிற பெரியவர்கள் இதை ஒருமுறை வாசித்துவிட்டுப் பேசலாம்.

ஏங்குகிற விஷயத்தில் அவர்களும் நம்மைப் போலத்தான். பிரிட்டனில் ஒரு தலைமுறைக்குப் பழைய சாப்பாடு என்றதும் நினைவுக்கு வருகிறவற்றில் ஒன்று ‘கேம்ப் காபி’. 1876இல் கிளாஸ்கோவில் பேட்டர்சன் கம்பெனி தொடங்கியது. பாட்டிலில் கறுப்புப் பாகு. வெந்நீரோ பாலோ ஊற்றிக் கலக்கிக் குடிக்க வேண்டியதுதான். அதில் காப்பிச் சாறு நூற்றுக்கு நான்கு பங்கு, சிக்கரிச் சாறு இருபத்தாறு பங்கு. மீதி சர்க்கரையும் தண்ணீரும். இந்தியாவில் பாசறை போட்டிருந்த ஸ்காட்லாந்துச் சிப்பாய்களுக்காகச் செய்தது என்பது அதற்குச் சொல்லப்படும் கதை. அதன் லேபிளைப் பார்த்திருக்கிறீர்களா? கூடாரத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்து அதிகாரி ஒருவர் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு சீக்கியர் தட்டோடு நிற்கிறார். பிற்பாடு ஒரு காலத்தில் தட்டை மட்டும் அழித்தார்கள். அப்போதும் ஆள் நின்றுகொண்டுதான் இருந்தார். 2006இல்தான் அவரையும் உட்காரவைத்துக் கையில் ஒரு கப் கொடுத்தார்கள். உட்கார 130 வருடம். அதற்கும், எங்கள் குழந்தைப்பருவத்து லேபிளைக் கெடுத்துவிட்டார்கள் என்று முணுமுணுத்தவர்கள் அங்கே உண்டு.

நம் ஊர் ஏக்கக் கட்டுரைகளிலும் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். அவரை யாரும் எழுதுவதில்லை. விழுப்புரம் ஜங்ஷனின் கட்லெட்டை நினைத்து உருகுகிறீர்களே, தென்னிந்திய ரயில்வேயின் ஐரோப்பியச் சிற்றுண்டி அறைக்குள் உங்கள் தாத்தாவை விட்டிருப்பார்களா? அதை விடுங்கள். இந்தியர்களுக்கான சாப்பாட்டு அறைகளிலேயே பிராமணர்களுக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம். பெரியாரும் நீதிக்கட்சியும் விடாமல் போராடிய பிறகு 1941இல்தான் ரயில்வே அந்தத் தடுப்பை எடுத்தது. ஊருக்குள் காப்பி கிளப் போர்டுகளில் ‘பிராமணாள்’ என்ற சொல் அதற்குப் பிறகும் இருந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. காப்பி தமிழ்நாட்டில் எப்படி ஒரு சாதியின், ஒரு வர்க்கத்தின் அடையாளமாக வளர்ந்தது என்று ஆ.இரா.வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். தலைப்பே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

அந்தப் பித்தளை டபராவுக்கும் ஒரு கதை உண்டு. வாய் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ள வசதியாகத்தான் டம்ளரின் விளிம்பு வெளியே மடிந்திருக்கிறது என்பார்கள். எச்சில்படக் கூடாது என்பது சுத்தம் மட்டுமல்ல, தீட்டும்தான். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் பக்கத்துக் கிராமத்து டீக்கடையில் இரண்டு வகைக் குவளை இருந்தது. ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். காலனி ஆட்களுக்கு, கீற்றில் செருகிவைத்த அலுமினிய டம்ளர். அவர்களே எடுத்து, அவர்களே கழுவி, அவர்களே செருக வேண்டும். அதற்கும் முந்திய தலைமுறைக்குக் கொட்டாங்குச்சி. பிளாஸ்டிக் கப் வந்ததும் எல்லாம் சமமாகிவிட்டது என்றார்கள். காலனிக்காரருக்கு மட்டும் பிளாஸ்டிக் கப், மற்றவர்களுக்குக் கண்ணாடி என்று அதையும் பிரிக்கத் தெரிந்த கடைகள் இருந்தன. இந்த ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு பழைய டம்ளரை நினைத்து எப்படி ஐயா கண்ணீர் வருகிறது?

‘எல்லாத்துலயும் சாதியா? ஒரு கட்லெட்டை நெனச்சு ஏங்கக்கூட உரிமை இல்லையா?’ என்று நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். ஏங்கலாம். ஆனால் உங்களுடையதற்கு ஏங்குங்கள். விழுப்புரம் ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தன. டிரைவர், கார்டு, ஃபோர்மேன் வேலைகள். சுதந்திரத்துக்குப் பிறகு இங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போன ஆங்கிலோ இந்தியர்கள், உருண்டைக் கறியையும் தேங்காய்ப்பால் மஞ்சள் சோற்றையும் நினைத்து ஏங்கினால் அதில் பொய்யில்லை. அவர்கள் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள். அவர்கள் ‘பெப்பர் வாட்டர்’ என்று சோற்றில் ஊற்றிக்கொண்டது வேறொன்றுமில்லை, நம்ம ரசம். வெள்ளைக்காரன் சூப் ஆக்கி ‘மல்லிகட்டானி’ என்றதும் மிளகுத்தண்ணிதான். பிரிட்டிஷ் சாப்பாடு என்று நாம் கொண்டாடுவதில் பாதி, இங்கத்திய சமையல்காரர்கள் கை வைத்தது. அவர்கள் பெயர் எந்த மெனுவிலும் இல்லை.

உண்மையில் எங்கள் பக்கத்துக் குடிசைவரை வந்துசேர்ந்த இங்கிலீஷ் சாப்பாடு கட்லெட் இல்லை. காய்ச்சலுக்குக் கொடுத்த பிரெட்டும் ஹார்லிக்ஸும்தான். பிரெட் என்றாலே எங்களுக்குக் காய்ச்சல். நல்ல உடம்போடு பிரெட் தின்றால் அம்மா திட்டுவாள். இன்றும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு ஆள் பார்க்கப் போகிறவர் கையில் ஒரு பிரெட், நாலு ஆரஞ்சு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். இங்கிலாந்திலிருந்து போன இரண்டு சகோதரர்கள் 1873இல் சிகாகோவில் தொடங்கிய மால்ட் மாவு, நம் ஊரில் மருந்துக்குச் சமமான மரியாதை பெற்றுவிட்டது. 2024இல் இந்த மாதிரிப் பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற தலைப்பில் விற்கக் கூடாதென்று அரசு சொன்ன பிறகு, கம்பெனியும் அந்த வகைப்பெயரை மாற்றிக்கொண்டது. எனக்கு இப்போதும் அதை ஸ்பூனில் எடுத்து அப்படியே தின்னப் பிடிக்கும். பிடிக்கும் என்பதற்காக அது மருந்தாகிவிடாது.

இப்போது ‘மாற்றுக் காப்பி’ விவகாரத்துக்கு வருகிறேன். போருக்கும் பஞ்சத்துக்கும் ஐரோப்பா வறுத்த வேர் நமக்கு அசலாகிவிட்டது. எங்கள் வீட்டில் சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டு, பனவெல்லம் கரைத்துக் கொதிக்கவைத்ததற்கு மட்டும் ‘சுக்குக் காப்பி’ என்று பெயர். அதில் ஒரு காப்பிக்கொட்டைகூட இல்லை. ஆனாலும் அது காப்பிக்கு மாற்று, காசில்லாதவன் காப்பி. எது அசல், எது மாற்று என்று முடிவு செய்தது நாக்கு இல்லை.

இதிலும் போர்டு வந்துவிட்டது. ‘பாரம்பரிய கருப்பட்டி காபி’. கருப்பட்டி என்பது தென்மாவட்டச் சொல். இந்தப் பக்கம் பனவெல்லம் என்பதுதான் வழக்கு. ஏக்கத்தைக்கூடத் திருநெல்வேலியிலிருந்து இறக்குமதி செய்கிறார்கள். விக்கிரவாண்டி வட்டாரத்தில் பூரிகுடிசை, நரசிங்கனூர் பக்கம் இன்றும் பனை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். 1987இல் கள்ளுக்குத் தடை வந்தது. அதற்குப் பிறகு கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கும் பதநீரும், அதைக் காய்ச்சிய வெல்லமும்தான் சட்டப்படி அவர்களுக்கு மிச்சம். காலையும் மாலையும் ஏறிச் சீவ வேண்டும். பிறகு விறகு தேடி, அடுப்பில் நின்று காய்ச்ச வேண்டும். அது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. அப்படிக் காய்ச்சிய வெல்லத்தோடு, சர்க்கரை கலந்து அச்சில் ஊற்றிய ‘கருப்பட்டி’ பாதி விலையில் போட்டிபோடுகிறது. மாநில மரம் பனை என்று 1978லேயே அறிவித்தாகிவிட்டது. பித்தளை டம்ளருக்குக் கூடுதலாக இருபது ரூபாய் கொடுக்கிற நாம், வெல்லத்தை மட்டும் பேரம் பேசி வாங்குகிறோம்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. பாக்கெட்டில் விற்கும் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் சதவீதத்தையும் அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. அதே கணக்கை நெடுஞ்சாலைக் கடைக்காரர்கள் போர்டில் எழுதட்டும். ‘கும்பகோணம்’ எவ்வளவு பெரிய எழுத்தோ அவ்வளவு பெரிதாகச் ‘சிக்கரி 40’ என்றும் இருக்கட்டும். சிக்கரி பிடித்தவர்கள் தாராளமாகக் குடிக்கட்டும். எனக்கும் கொஞ்சம் இருந்தால்தான் பிடிக்கும். கருப்பட்டிக் கடைகள் வெல்லம் எந்த ஊரிலிருந்து, யாரிடமிருந்து வந்தது என்று எழுதட்டும். எழுத முடியாதவர்கள் ‘பாரம்பரியம்’ என்ற சொல்லைப் போர்டிலிருந்து இறக்கிவிடட்டும்.

அதுவரைக்கும் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் போதும். வீட்டில் இருக்கிற தூளில் ஒரு சிட்டிகை மேலே தூவுங்கள். காப்பி மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும்.