எக்டர் லாவோவின் வாக்குமூலம் எது?

எக்டர் லாவோவைப் பற்றிப் பேசுவோர் போதை ஊசியில் தொடங்கி எய்ட்ஸில் முடிக்கின்றனர். ‘எல் கந்தாந்தே’ திரைப்படம் பெரிதாக்கியதும் அதையே. வெகுசனப் பண்பாட்டு ஆய்வென்று நாம் எழுதுவது பெரும்பாலும் அதன் நகல். சான்றாகக் காட்டப்படுவதோ அதே பெயரில் 1978இல் அவர் பாடிய பாடல். அதை இயற்றியவர் ரூபன் பிளேட்ஸ்! இசைத்தட்டின் உறையைப் புரட்டக்கூடவா ஆய்வாளருக்கு நேரமில்லை?

போர்ட்டோ ரிக்கோவின் பொன்சேயில் பிறந்து, 16 வயதில் நியூயார்க் வந்து, 1967 முதல் வில்லி கோலோனுடன் பாடியவர் லாவோ. மலைநாட்டு உழவர்களின் பாடல்மரபு அவருடைய கூரிய மூக்கொலியில் புலம்பெயர்ந்தோரின் நடன அரங்கை எட்டியது. பின்பாட்டுக் குழு ஒரே அடியை மீட்டும் மீட்டும் பாட, இடைவெளிதோறும் அக்கணமே சொற்கட்டி வீசும் ‘சோனேயோ’வில்தான் அவருடைய மேதைமை. வாக்குமூலம் வேண்டுவோர் அங்கே செவிகொடுக்கட்டும். அதற்கு ஸ்பானியம் கற்க வேண்டியிருக்கும்.