கொல்லன் தெருவுக்கு ஊசி

குரூப் டூர் என்றால் கடைசி நாளுக்கென்று ஒரு தனி லட்சணம் உண்டு. ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டவர்கள் போன் நம்பர் கொடுத்துக்கொள்வார்கள். கொண்டுபோன புளிக்காய்ச்சல் தீர்ந்திருக்கும். ஒருவர் பெட்டியின் மேல் ஏறி உட்கார, இன்னொருவர் ஜிப்பை இழுத்துக்கொண்டிருப்பார். கைடுக்கு டிப்ஸ் வசூலிக்கக் கவர் வரும்போது மட்டும் பாதிப் பேருக்கு பாத்ரூம் அவசரம்!

ஆரணியிலிருந்து நாங்கள் முப்பது பேர் பாங்காக் போன டூரிலும் இதெல்லாம் குறைவில்லாமல் நடந்தது. கூடுதலாக ஒன்று: கடைசி நாளன்று எங்களைப் பட்டு பார்க்கக் கூட்டிப் போனார்கள். ஆரணிக்காரனைப் போய்!

ஜிம் தாம்ஸன் என்று ஒரு அமெரிக்கர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பாங்காக்கிலேயே தங்கி, நசிந்து கிடந்த தாய்லாந்துக் கைத்தறிப் பட்டை உலகம் முழுக்க விற்றவர். 1951-ல் நியூயார்க்கில் மேடையேறிய 'தி கிங் அண்ட் ஐ' நாடகத்தின் உடுப்புகளுக்கு அந்தப் பட்டுதான் போனது. பழைய தேக்கு வீடுகளைப் பெயர்த்து வந்து, 1959-ல் கால்வாய் ஓரம் வீடு கட்டினார். எதிர்க்கரையில் நெசவாளர் குடியிருப்பு. 1967-ல் மலேசியாவில் கேமரன் மலையில் உலாவப் போனவர் திரும்பவே இல்லை. வீடு மியூசியமாகிவிட்டது.

எங்கள் கோஷ்டியில் நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்த மாமா ஒருவர். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மகன் செலவில் வந்தவர். அவர் ஊர் திரும்புவதற்குள் வீட்டுத் தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டுவிடுவதாக ஏற்பாடு. மிதக்கும் சந்தை, புத்தர் கோயில் எல்லாவற்றையும் பஸ்ஸில் தூங்கியே கழித்தார். இங்கே ஒரு அம்மாள் வெந்நீரில் கூடு போட்டு நூல் இழுப்பதைப் பார்த்ததும் தூக்கம் போயே போச்சு. பக்கத்தில் குந்திவிட்டார்.

கடையில் துணியை விரலால் நெருடியவர் என் காதில் சொன்னார்: "இன்னா தம்பி, இழை மேடும் பள்ளமுமா இருக்குது! நம்ம ஊர்ல இப்படி நெய்தா கூலியில புடிச்சிருவாங்க."

"அதுதான் சார் இதன் அழகே! கையால் இழுத்த நூலுக்கு அடையாளம்" என்றார் கைடு. அசல் பட்டுக்கு அங்கே மயில் முத்திரை. அதிலும் தங்க மயில்தான் உசத்தி. நமக்கும் குறைச்சல் இல்லை. ஆரணிப் பட்டு 2008-லேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. கல்யாண வீட்டில் மட்டும் 'காஞ்சிபுரமா?' என்றுதான் கேட்பார்கள்.

மாமா விலைச் சீட்டைக் காட்டினார். ரூபாயில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இதுல நெய்தவனுக்கு எவ்ளோ தம்பி?"

கைடிடம் கேட்டேன். கொடியை உயர்த்தி, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். எந்த ஊரிலும் இந்தக் கேள்விக்கு அதுதான் பதில் போலிருக்கிறது.

எங்கள் ஆட்களோ ஆளுக்கு ரெண்டு பட்டு ஸ்கார்ஃப். ஆரணியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க!

ஏர்போர்ட்டில் மாமா என் போனை வாங்கி மகனிடம் பேசினார். "டைல்ஸ்காரனை வர வேணாம்னு சொல்லுடா... குழி அப்படியே கிடக்கட்டும். எவனாவது ஒரு அமெரிக்காக்காரன் வர்றானா பார்க்கலாம்."