கியர் விழவில்லையா? கிளட்சைப் பாருங்கள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வரை பரந்து கிடக்கும் கரிசல் பூமியில், தந்தை ஓட்டிய புல்லட்டை மகன் இன்றும் ஓட்டிவரும் வீடுகள் உண்டு. விடியுமுன் மல்லிகைப் பூ சந்தைக்குப் போவதும், நள்ளிரவில் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவதும் அந்த ஒரே வண்டியில்தான். அது ஒரு நாள், “கியர் விழவில்லை” என்று பட்டறை வாசலில் நிற்கிறது. “கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்துவிடலாம்” என்று சொல்லிவிட்டால், வாரக் கணக்கில் வண்டியுமில்லை, கையிலுள்ள பணமுமில்லை. ஆனால் கியரின் மேல் சுமத்தப்படும் பழிகளில் பெரும்பாலானவை கிளட்சுக்கு உரியவை என்பதே நமது துணிபு. பெட்டியைப் பிரிக்குமுன் வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளை இங்கே கூறுவோம்.

பழைய புல்லட்டின் அமைப்பே இதற்குத் துணைபுரிகிறது. 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. திருவொற்றியூர் ஆலையில் உருவான அந்த வண்டியின் அடிப்படை அமைப்பு, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை அதிகம் மாறவில்லை. இயந்திரம் வேறு, கியர்பாக்ஸ் வேறு; இரண்டையும் இடப்புறத்துச் செயின் கவருக்குள் ஒரு செயின் இணைக்கிறது. கிளட்ச் அந்தக் கவருக்குள் எண்ணெயில் நனைந்தபடி சுழல்கிறது. கிக்கரை மிதிக்கும்போது அவ்விசை கியர்பாக்ஸ் வழியாக, கிளட்சைக் கடந்துதான் இயந்திரத்தை அடைகிறது. எனவே கிளட்சின் நலத்தைக் கிக்கரே நமக்குச் சொல்லிவிடும்.

இயந்திரத்தை நிறுத்தி, வண்டியை நியூட்ரலில் வைத்து, கிளட்சை முழுவதும் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல மிதியுங்கள். எவ்விதத் தடையுமின்றி இறங்கினால் பிளேட்டுகள் நன்றாகப் பிரிகின்றன என்று பொருள். கனமாக இறங்கி இயந்திரத்தையும் சுழற்றினால், கிளட்ச் பிரியவில்லை. முதல் கியர் ‘கரக்’கென்று விழுவதும், நின்ற இடத்தில் நியூட்ரல் அகப்படாமல் வண்டி முன்னே நகரப் பார்ப்பதும் இக்குறையின் அறிகுறிகளே. மாதக் கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியானால் அஞ்ச வேண்டியதில்லை. பிளேட்டுகள் எண்ணெயினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கிளட்சைப் பிடித்தபடி நான்கைந்து முறை மிதித்தால் விட்டுவிடும். பழைய புல்லட்காரர்கள் தினமும் காலையில் இதைச் செய்த பின்னரே வண்டியைக் கிளப்புவார்கள். அது வெறும் பழக்கமன்று.

இனி, கிளட்சை விட்டுவிட்டு மிதித்துப் பாருங்கள். இயந்திரத்தின் அமுக்கம் காலுக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் கிக்கர் வழுவழுவென்று கீழே போனால் கிளட்ச் வழுக்குகிறது. ஓடும்போது சத்தம் ஏறும், வேகம் ஏறாது. சுமையோடு மேட்டில் ஏறினால் கருகல் வாடையும் வரும். ஆனால் இறங்கும்போது ‘கடகட’வென்ற ஒலி கேட்டால், அது கிக்கரின் பல் தேய்ந்ததனால் வருவது, கிளட்சின்மேல் பழி போட வேண்டாம்.

பிரியாத கிளட்சுக்கும் வழுக்கும் கிளட்சுக்கும் முதலில் நோக்க வேண்டியது கிளட்ச் வயரையே. கைப்பிடியில் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்க வேண்டும். தளர்வு மிகுந்தால் பிளேட்டு பிரியாது. தளர்வே இல்லாவிட்டால் எப்போதும் பாதி பிடித்தபடியே ஓடி வழுக்கும். வயரின் நுனியில் இழைகள் பிரிந்திருந்தால் அதை அன்றே மாற்றிவிடுங்கள். கோடையில் புழுதியும் மழைக்குப் பின் கரிசல் சேறும் வயரின் உறைக்குள் புகுந்து இறுகிவிடுவது நம் பக்கத்துக்கே உரிய தொல்லை. சில சொட்டு எண்ணெய் விட்டால் கைவலி பாதி குறையும். வயரில் சரிசெய்ய இனி இடமில்லை என்றால், கியர்பாக்ஸின் வலப்புறத்துச் சிறு மூடியைக் கழற்றினால் ஒரு திருகும் பூட்டு நட்டும் இருக்கும். திருகு லேசாக முட்டும்வரை உள்ளே திருகி, அரைச் சுற்று பின்வாங்கி, நட்டை இறுக்கிவிடலாம்.

அடுத்தது செயின் கவரின் எண்ணெய். அளவுக்கு மிஞ்சினாலும் தடித்துப் போனாலும் பிளேட்டு பிரியாது. உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த கார் எண்ணெயை ஊற்றினால் புதுப் பிளேட்டும் வழுக்கும். விலை உயர்ந்த எண்ணெயாயிற்றே என்று வாங்கி ஊற்றிவிட்டு, பிளேட்டு சரியில்லை என்று நொந்துகொள்வோர் பலர்! இவ்விரண்டும் சரியாக இருந்தும் குறை நீங்காவிட்டால்தான் கவரைக் கழற்றிப் பிளேட்டு, ஸ்பிரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கிளட்ச் நலமாயிருந்தும் கியர் முரண்டு செய்தால், குறை பெட்டியினுடையதே. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நான்கு கியரையும் போட்டுப் பாருங்கள். மிதி திரும்பி வராமல் தொங்கினால் ஸ்பிரிங் ஒடிந்திருக்கும். இரண்டு கியர்களுக்கு நடுவே பொய் நியூட்ரல் அடிக்கடி அகப்பட்டால், மிதியின் நகர்வை அளவிடும் தகடு இடம் பெயர்ந்திருக்கலாம். இதை வெளி மூடியைக் கழற்றிச் சரிசெய்வதோடு முடித்துவிடலாம்; முழுப் பெட்டியையும் பிரிக்க வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும், இயந்திரம் இழுக்கும் வேளையில் தானே கழன்றுகொண்டால் உள்ளே பற்கள் தேய்ந்துவிட்டன. அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. பந்தல்குடிச் சாலையில் லாரியை முந்தும் வேளையில் வண்டி இழுவையற்றுப் போவது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டுமா? அப்படிப்பட்ட வண்டியில் மனைவி மக்களை ஏற்றிச் செல்லலாகாது. எந்தக் கியர், எப்போது கழல்கிறது என்று குறித்துவைத்து மெக்கானிக்கிடம் சொன்னால் அவர் வேலையும் நம் செலவும் குறையும்.

இன்றைய வண்டிகளில் பழகிய பிள்ளைகள் பழைய புல்லட்டில் ஏறும்போது வேறொரு சங்கடம். இதில் வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. அவசரத்தில் பிரேக்கென்று எண்ணிக் கியரை மிதித்துவிடுவார்கள். வீட்டுத் தெருவில் சில நாள் ஓட்டிப் பழகிய பிறகே அவர்களைப் பெருஞ்சாலைக்கு அனுப்புங்கள். ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது முதல் கியரில் கிளட்சைப் பிடித்தபடி நிற்காமல், நியூட்ரலுக்கு வரவும் சொல்லிக்கொடுங்கள். கியர் மிதிக்குப் பின்னுள்ள சிறு மிதியைக் குதிகாலால் அழுத்தினால், முதல் கியர் தவிர மற்றவற்றிலிருந்து நேரே நியூட்ரல் கிடைக்கும். கிளட்சைப் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவே.

புதிய கிளட்ச் வயர் வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். ஒன்றை மாட்டி, மற்றொன்றை அதன் பக்கத்திலேயே பெட்ரோல் டாங்கின் அடியில் ஓட்டிக் கட்டி வைத்தால், நரிக்குடிச் சாலையில் இரவில் வயர் அறுந்தாலும் இரு முனைகளையும் மாற்றி மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.