வேலைக்கு வைத்தவர் எங்கே?

அமெரிக்காவில் ஏதோ ஒரு ஆலையைக் குடியேற்ற அதிகாரிகள் சுற்றி வளைத்தார்கள் என்று செய்தி வந்தால் போதும், அங்கே கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் நம்மவர் வீட்டு விருந்துகளில்கூட ஒரே பேச்சுதான்: "சட்டத்தை மீறினால் பிடிக்கத்தானே செய்வார்கள்? நாமெல்லாம் முறைப்படி வரவில்லையா?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதற்குள் இருக்கும் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்ப்போம்.

முதல் முடிச்சு: "சட்டம் எல்லோருக்கும் ஒன்று."

1986-ல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டப்படி, வேலை செய்ய அனுமதி இல்லாதவரைத் தெரிந்தே வேலைக்கு வைப்பதும் குற்றம். அந்தத் 'தெரிந்தே' என்ற சொல்தான் முதலாளி தப்பிக்கும் வாசல். காட்டப்பட்ட அட்டை பார்வைக்கு உண்மையானதாக இருந்தால் அவர் கடமை முடிந்தது. சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் டிராக் மையம் அரசுப் பதிவேடுகளை எண்ணிப் பார்த்தது. 2018 ஏப்ரல் முதல் ஓராண்டில் இந்தக் குற்றத்துக்காக நாடு முழுக்க வழக்குக்கு ஆளானவர்கள் 11 பேர். நிறுவனம் ஒன்றுகூட இல்லை.

தொழிலாளிக்கு அதே சட்டம் எப்படி வந்தது என்பதை அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில்லில் பார்க்கலாம். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சிற்றூர் அது. 2008 மே 12 அன்று அங்கிருந்த கோஷர் (யூத சமய விதிப்படியான) இறைச்சி ஆலையில் 389 பேர் பிடிபட்டார்கள். பெரும்பாலோர் குவாத்தமாலாவின் மாயா கிராமத்தார். பலருக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழி. அவர்களை வாட்டர்லூ நகரின் கால்நடைக் கண்காட்சித் திடலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த நடன அரங்கு நீதிமன்றமாயிற்று. சங்கிலி பூட்டி, பத்துப் பத்துப் பேராக நிறுத்தினார்கள். பொய்யான சோஷியல் செக்யூரிட்டி எண்ணைப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டால் ஐந்து மாதச் சிறை, பிறகு நாடு கடத்தல். மறுத்தால் அடையாளத் திருட்டு வழக்கு, குறைந்தது இரண்டு ஆண்டு. ஊரில் பிள்ளைகள் பசியோடிருக்க, எவர் மறுப்பார்? சில நாட்களுக்குள் சுமார் 300 பேர் குற்றவாளிகள் ஆனார்கள். அந்த எண் இன்னொரு மனிதருடையது என்று தெரிந்திருந்தால்தான் அந்தக் கடுமையான பிரிவு செல்லும் என்று அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அதற்குள் அவர்கள் தண்டனையை அனுபவித்து முடித்திருந்தார்கள்.

ஆலையில் மேற்பார்வையாளர்கள் சிலர் சிறைக்குப் போனது உண்மை. ஆலையை நடத்தியவரும் போனார், வங்கி மோசடிக்காக. அவர் மேலிருந்த குடியேற்றச் சட்டக் குற்றச்சாட்டுகளை அரசு கைவிட்டுவிட்டது.

இரண்டாவது: "உள்ளூர்க்காரர் வேலையைப் பறிக்கிறார்கள்."

அப்படியானால் இவர்களைப் பிடித்துப்போன மறுநாள் ஆலை வாசலில் கூட்டம் அலைமோதியிருக்க வேண்டும். போஸ்ட்வில் ஆலை பசிபிக் தீவான பலாவு வரை போய் ஆள் திரட்டியது. அதே ஆண்டு நவம்பரில் திவாலானது. கடைகள் மூடின, வாடகை வீடுகள் காலியாயின.

இன்னும் பெரிய சோதனை 1964-லேயே நடந்து முடிந்திருக்கிறது. மெக்சிகோ விவசாயக் கூலிகளை ஒப்பந்தத்தில் அழைத்துவந்த பிராசெரோ திட்டத்தை அமெரிக்கா அந்த ஆண்டோடு நிறுத்தியது. உள்ளூர்க் கூலி ஏறும் என்றார்கள். அதனால் கூலி ஏறவில்லை என்பதைப் பொருளாதார அறிஞர் மைக்கேல் கிளெமென்ஸ் குழுவினர் பழைய கூலிக் கணக்குகளைக் கொண்டு காட்டியிருக்கிறார்கள். கலிபோர்னியாவின் தக்காளி வயல்களுக்கு அறுவடை இயந்திரம் வந்தது. இயந்திரம் இல்லாத பயிர்களைச் சிலர் கைவிட்டார்கள். 2011-ல் ஜார்ஜியா மாநிலம் கடும் குடியேற்றச் சட்டம் போட்டதும் வயலில் ஆள் இல்லாமல் போயிற்று. நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர்களை அனுப்பிப் பார்த்தார்கள். பலர் அன்றைக்கே வெயில் தாங்காமல் திரும்பிவிட்டார்கள்.

மூன்றாவது: "கூலியை மட்டம் தட்டுகிறார்கள்."

இதில் பாதி உண்மை இருக்கிறது, தட்டிக்கழிக்கக் கூடாது. புகார் சொல்ல முடியாத ஆள் பக்கத்தில் நின்றால், புகார் சொல்லக்கூடியவருக்கும் பேரம் பேசும் பலம் குறையும். ஆனால் அவரைப் புகார் சொல்ல முடியாதவராக ஆக்கியது எது? சங்கம் சேர்க்க முயன்றதற்காகச் சட்டவிரோதமாக வேலையிலிருந்து நீக்கப்பட்டாலும், ஆவணமற்றவருக்கு இழந்த கூலியைத் தரத் தேவையில்லை என்று 2002-ல் ஹாஃப்மன் பிளாஸ்டிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கத்தை நசுக்குவதற்கு அதைவிட மலிவான வழி வேறேது?

போஸ்ட்வில்லில் குழந்தைத் தொழிலாளர் குறித்து மாநிலத் தொழிலாளர் துறை ஏற்கெனவே விசாரித்துக்கொண்டிருந்தது. சுற்றிவளைப்பு நடந்ததும் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் கைதிகளானார்கள். மிசிசிப்பியின் மார்ட்டன் ஊர்க் கோழி ஆலையில் தொழிலாளர்கள் கொடுத்த துன்புறுத்தல் வழக்கை, 2018-ல் அந்த ஆலையை நடத்திய நிறுவனம் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. மறு ஆண்டு ஆகஸ்ட் 7, பள்ளி திறந்த முதல் நாள். அந்த ஆலை உட்பட ஏழு இடங்களில் 680 பேரைப் பிடித்தார்கள். இரண்டுக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பக்கத்து ஆலையில் மேஸ்திரி கையைப் பிடித்து இழுத்தால், அங்கே வேலை செய்யும் பெண் இனி யாரிடம் போய்ச் சொல்வாள்? கூலியை மட்டம் தட்டுவது இந்தப் பயம்தான். ஒவ்வொரு சுற்றிவளைப்பும் அதற்கு உரம் போடுகிறது.

நான்காவது: "வரி கட்டாமல் ஓசியில் வாழ்கிறார்கள்."

நீண்ட பதில் தேவையில்லை. ஐடெப் என்ற வரி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2022-ல் ஆவணமற்றவர்கள் கட்டிய வரி 9,670 கோடி டாலர். அதில் சுமார் 2,570 கோடி, அவர்கள் ஒருநாளும் வாங்க முடியாத சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்குப் போனது.

ஐந்தாவது, நம்மவர் வாயில் அதிகம் வருவது: "வரிசையில் வரட்டும்."

எந்த வரிசையில்? இரண்டு ஆண்டுப் பயிற்சிகூடத் தேவைப்படாத வேலைக்கு உலகம் முழுவதற்குமான கிரீன் கார்டு உச்சவரம்பு ஆண்டுக்குப் பத்தாயிரம். ஹெச்-2ஏ விசா பருவகாலப் பண்ணை வேலைக்கு மட்டும். வருடம் முழுக்க ஓடும் இறைச்சி ஆலைக்கு அது உதவாது. ஹெச்-1பி-யில் போனவர் நின்ற வரிசையில் கோழி அறுப்பவருக்கு டோக்கனே கிடையாது.

வரிசையில் நின்று போன தொழிலாளிக்கு நேர்ந்ததையும் பாருங்கள். கத்ரீனா புயலுக்குப் பின், 2006 முதல் சுமார் 500 இந்திய வெல்டர்களையும் பைப் ஃபிட்டர்களையும் சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கப்பல் பணி நிறுவனம் முறையான விசாவில் வரவழைத்தது. கிரீன் கார்டு கிடைக்கும் என்று நம்பிக் கடன்பட்டு ஆயிரக்கணக்கான டாலர் கட்டிப் போனவர்கள், நெரிசலான முகாமில் அடைபட்டுக் கிடந்தார்கள். விசா அந்த ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. எதிர்த்துப் பேசினால் ஊருக்கு விமானம். 2015-ல் நியூ ஆர்லியன்ஸ் நடுவர் குழு ஐந்து பேருக்கு 1.4 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. காகிதம் கையில் இருந்தும் காப்பாற்றவில்லை, ஏனென்றால் அந்தக் காகிதத்தின் மறுமுனை முதலாளி கையில் இருந்தது.

எல்லையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளூர்த் தொழிலாளியின் கூலியைக் காப்பதுதான் நோக்கம் என்றால், ஆலைக்குள் முதலில் நுழைய வேண்டியவர் தொழிலாளர் ஆய்வாளர். அவர் கேட்க வேண்டியது பாஸ்போர்ட்டை அல்ல, கூலிப் பதிவேட்டை. அதில் கையெழுத்துப் போட்டிருப்பவர் யார் என்று பார்த்தால், இத்தனை காலமாகத் தேடிய ஆள் கிடைத்துவிடுவார்.