நலம் பேணுவோம்: நாரியில் போடும் ஊசியும் சிசேரியனும்

"நாரியில் ஊசி போட விட்டால் கடைசியில் வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுப்பார்கள்." பிரித்தானியாவில் குடியேறியுள்ள நம்மவர் வீடுகளில் கர்ப்பிணிப் பெண்களுக்கு அடிக்கடி சொல்லப்படும் புத்திமதி இது. இதை நம்பித் தாங்க முடியாத நோவிலும் ஊசியை மறுக்கும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே இம்முறை இதுபற்றிப் பார்ப்போம்.

எபிடியூரல் என்பது முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, அதன் வழியாக விறைப்பு மருந்து கொடுக்கும் முறையாகும். மயக்க மருந்து வைத்தியரே இதைச் செய்வார். தாய் விழிப்புடன்தான் இருப்பார். மருந்து கொடுத்தபின் நோ தணிய ஏறத்தாழ 20 நிமிடமாகும்.

சிசேரியன் பற்றிய பயத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. 1993இல் அமெரிக்காவில் 93 பெண்களிடம் செய்த சிறிய ஆய்வொன்றில், எபிடியூரல் பெற்றவர்களில் 25 வீதமானோருக்கும் மற்றவர்களில் 2 வீதமளவினருக்கும் சிசேரியன் செய்யப்பட்டது. ஆனால் பின்வந்த பெரிய ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தவில்லை. 2018இல் கொக்ரேன் அமைப்பு 40 ஆய்வுகளை, 11,000க்கும் மேற்பட்ட பெண்களின் விபரங்களுடன், ஒன்றுசேர்த்துப் பார்த்தது. எபிடியூரலால் சிசேரியன் கூடவில்லை என்பதே முடிவு. நாட்பட்ட நாரிநோ வருவதாகவும் காணப்படவில்லை.

அப்படியானால் ஊசி போட்டவர்களுக்குச் சிசேரியன் நடப்பதை நாம் காண்பது ஏன்? நெடுநேரம் நோவெடுத்தும் பிள்ளை இறங்காமல் தவிக்கும் பெண்ணே பெரும்பாலும் ஊசியைக் கேட்கிறார். சிசேரியன் தேவைப்படுவதும் அப்படியானவருக்கே அதிகம். இரண்டுக்கும் காரணம் கடினமான பிரசவமே தவிர, ஊசியல்ல.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். முக்கிப் பெறும் கட்டம் சற்று நீளலாம். ஆயுதம் வைத்துப் பிள்ளையை எடுக்கும் வாய்ப்பும் கூடலாம். மருந்தின் அளவைக் குறைத்த இன்றைய முறைகளில் இது முன்னரைவிடக் குறைவு. இரத்த அழுத்தம் இறங்கலாம், காய்ச்சல் வரலாம், கால்கள் பாரமாகலாம். ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்குக் கடும் தலையிடி வரும். எட்டுப் பேரில் ஒருவருக்கு நோ போதியளவு குறையாது. வீட்டிலோ, மருத்துவிச்சிகள் மட்டும் நடத்தும் பிரசவ நிலையங்களிலோ இதனைப் பெறமுடியாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

இன்னொன்று. சிசேரியன் தேவைப்பட்டால், பெரும்பாலும் அதே குழாய் வழியாக மருந்தைக் கூட்டி, தாயை முழுமையாக மயக்காமலே சத்திரசிகிச்சை செய்யலாம்.

பிரசவ அறையில் ஆங்கிலம் தெரிந்த கணவரோ மாமியோ "வேண்டாம்" என்று பதில் சொல்லிவிடுவதுண்டு. அந்தப் பெண்ணிடம் கேட்காமலே அது நடந்துவிடுகிறது. இங்கு தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். கிளினிக் நாட்களிலேயே மருத்துவிச்சியிடம் அதைச் சொல்லி, உங்கள் விருப்பத்தைப் பிரசவத் திட்டத்தில் எழுதுவியுங்கள். நோ தொடங்கியபின் மனம் மாறினாலும் குற்றமில்லை. ஊசியுடன் பெற்றாலும் ஊசியின்றிப் பெற்றாலும், முடிவு பெறுபவருடையதாக இருக்கட்டும்; வீட்டார் நாம் பக்கத்தில் துணையாக நிற்போம்.